அப்பாவின் கிற்றாரைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன்

பழைய கிற்றார் ஒன்று கைக்கு வந்துவிட்டால் எல்லோரும் முதலில் செய்வது துணி எடுத்துத் துடைப்பது. அதைச் செய்யாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அழுக்கு எங்கேயும் ஓடிப்போகாது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பி மாற்றுவது, உயரம் சரிசெய்வது போன்ற சின்ன வேலைகளும் செய்வதுண்டு. மாமாவுடையது, அண்ணாவுடையது, செத்துப்போன கணவருடையது என்று ஆட்கள் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், இதைப் புதுசு மாதிரி ஆக்கலாமா?" என்று கேட்பார்கள். ஆக்கலாம்தான். ஆனால் பேசிப் பார்த்தால் பலருக்கு அது வேண்டியதில்லை. வாசிக்கக்கூடிய கிற்றாராக இருக்கவேண்டும், அந்த ஆளுடைய கிற்றாராகவும் இருக்கவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். அதற்கு என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன்.

முதலில் படம், பிறகு விசாரணை

காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் கிற்றாரைப் படுக்கவைத்துப் படமெடுங்கள். நேரே மேலிருந்து எடுத்தால் கீறல்கள் தெரியாது. வெளிச்சம் சரிந்து விழவேண்டும். முன்பக்கம், முதுகு, இரண்டு பக்கங்கள், தலையின் பின்புறம், வட்டத் துளைக்குள் ஒட்டியிருக்கும் லேபல், எல்லாவற்றையும் எடுங்கள்.

அப்புறம் அந்தப் படங்களை வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். இது எப்படி வந்தது, யார் செய்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் கிற்றார் முதுகைப் போட்டதும் அத்தை ஒருவர் பதினைந்து நிமிடம் குரல் பதிவாக அனுப்பினார். அந்தக் குறுக்குக் கீறல்கள் அப்பாவின் பெல்ட் பக்கிள் போட்டவையாம். அந்தப் பெல்ட்டை வாங்கிக்கொடுத்தது அவராம். அதில் இருந்த பெரிய பித்தளைப் பக்கிளை அப்பப்பாவுக்குக் கண்ணில் காட்டக்கூடாதாம்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் தேய்வையே வாசிக்கலாம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு விரல் பலகையைப் பாருங்கள். முதல் மூன்று கட்டங்களில் மட்டும் மரம் குழிந்திருந்தால், அவர் பாட்டுக்குத் துணையாகக் கோர்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்தவர். மெல்லிய கம்பிகளின் கீழே ஐந்தாம் கட்டத்துக்கு அப்பாலும் குழிகள் இருந்தால், இடையிசையில் ஆளைக் காட்டியவர். அப்பாவுடையதில் இரண்டாவது கம்பியின் முதல் கட்டமும் நான்காவது கம்பியின் இரண்டாவது கட்டமும்தான் ஆழமாகத் தேய்ந்திருக்கின்றன. சீ மேஜர், ஏ மைனர் என்ற இரண்டு கோர்ட்டுகளுக்கும் பொதுவான இரண்டு இடங்கள் அவை. அவருடைய பாட்டுகள் முக்கால்வாசி அந்த இரண்டுக்குள்தான் ஓடின.

வட்டத் துளைக்குக் கீழே, மெல்லிய கம்பிப் பக்கமாக, வார்னிஷ் போய் வெளிறிய மரம் தெரிந்தால் அது பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) அடித்த இடம். பைலா வாசித்தவர்களின் கிற்றாரில் இது கட்டாயம் இருக்கும். எட்டில் ஆறு தாளத்தில் இரவு முழுக்கக் கை மேலும் கீழும் போனால் எந்த வார்னிஷ் தாங்கும்? மேல் வளைவில் மங்கிய திட்டு இருந்தால் அது முன்கை வியர்வை. தலையில் கம்பிகளுக்கு அருகே சின்னதாகக் கருகிய தடம் இருந்தால், பாடும்போது சிகரெட்டை அங்கே செருகிவைத்திருக்கிறார். வீட்டில் அதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் பாடு.

எது தேய்வு, எது நோய்

இதுதான் முக்கியமான பகுதி. ஒரு தடத்தைப் பார்த்ததும் "வடிவாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "இது நின்றுவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா" என்று கேளுங்கள். பக்கிள் கீறல் நின்றுவிட்டது. நாளைக்கு அது பெருக்காது. அதை விட்டுவிடலாம். பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடியைப் பிடித்திருக்கும் கட்டை, முன்பலகையிலிருந்து எழும்புவது நிற்காது. கம்பி இழுக்க இழுக்க அது கிளம்பிக்கொண்டேயிருக்கும்.

சோதிப்பது சுலபம். ஒரு மெல்லிய கடதாசித் துண்டை எடுத்துப் பிரிட்ஜின் பின்விளிம்பில் தள்ளிப் பாருங்கள். உள்ளே போனால் அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்துங்கள். முன்பலகையையும் முதுகையும் விரல் கணுவால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் கரகரவென்று அதிர்ந்தால் உள்ளே தாங்குகட்டை ஒன்று விட்டிருக்கிறது. வெடிப்பு இருந்தால், போன் லைட்டையும் சின்னக் கண்ணாடியையும் துளைக்குள் விட்டு, வெடிப்பு முடியும் இடத்தில் உள்பக்க மரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால் பழுது பார்க்கவேண்டும். தாண்டாவிட்டால் அவசரமில்லை. குண்டூசித் தலையளவு வட்டத் துளைகளும் கீழே மாப்போல் தூளும் கண்டால் அது மரம் தின்னும் பூச்சி. மற்ற மரச்சாமான்களிலிருந்து அதை உடனே பிரித்து வையுங்கள்.

வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகர் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிற்றாரை இன்றும் வாசிக்கிறார். அது நைலோன் கம்பிக் கிற்றார்; பிக் படாமல் தடுக்கும் தகடு அதில் கிடையாது. அவரோ பிக்கால் அடிப்பவர். முன்பலகையில் இரண்டாவது துளையே விழுந்துவிட்டது. அதைப் பராமரிப்பவர் உள்ளே மரம் ஒட்டிப் பலப்படுத்தியிருக்கிறார், துளையை மூடவில்லை. நான் சொல்லவருவதும் அதைத்தான்: பரவாமல் நிறுத்துங்கள், மூடிமறைக்க வேண்டாம்.

ஃபிரெட் விஷயத்தில் மட்டும் எனக்கு இரக்கம் கிடையாது. ஃபிரெட் என்பது விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கம்பி. சைக்கிள் டயர் மாதிரி, தேய்வதற்கென்றே போட்டது. கம்பி இரைந்தால் சமப்படுத்துங்கள். அதற்கும் உயரம் போதாவிட்டால் மாற்றுங்கள். "அப்பா தொட்ட ஃபிரெட்" என்று வைத்துக்கொண்டு கிற்றாரை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும். கழற்றிய ஃபிரெட்டுகளை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள், மனம் ஆறும்.

துடைப்பது

அழுக்கை நினைவாக எண்ணவேண்டாம். அது வியர்வையும் தோலும்தான். மெல்லிய பருத்தித் துணியை ஈரம் தெரிந்தும் தெரியாமலும் நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் பெரும்பாலும் போதும். ஸ்பிரிட் படவே கூடாது. பழைய நைலோன் கம்பிக் கிற்றார்கள் பலவற்றில் அரக்குப் பொலிஷ் இருக்கும், ஸ்பிரிட் பட்டதும் கரைந்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எங்கள் ஆட்கள் கதவுப் பிணைச்சல் முதல் தலைமயிர் வரை அதைப் பூசுவார்கள். மரத்தில் பூசினால் சிக்கு வாடை வந்து பிசுபிசுக்கும். தளபாடப் பொலிஷில் சிலிக்கோன் இருந்தால் பிறகு எந்த வார்னிஷும் அந்த இடத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. கம்பி முறுக்கும் சாவிகளைப் பித்தளை பொலிஷ் போட்டுத் தேய்த்தால் கறளோடு முலாமும் போகும்.

கொழும்பும் ஈரமும்

மரக் கிற்றாருக்கு உகந்தது 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதம். கொழும்பில் காற்று சாதாரணமாகவே 75, 80 வீதத்தில் நிற்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், முன்பலகை வயிறு வைக்கும், கம்பி மேலே எழும்பும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே தடித்த கம்பி இரண்டரை மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும். எனக்கு வருபவை நாலு மில்லிமீற்றரில் நிற்கும். கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மெரின் டிரைவ் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் கம்பிகளில் கறள் ஏறும் வேகம் எனக்கே ஆச்சரியம்.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் கறி உப்பு போதும். போத்தல் மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, மானியோடு ஒரு காற்றுப் புகாத பைக்குள் வைத்து ஓர் இரவு விடுங்கள். 75 காட்டவேண்டும். 70 காட்டினால், எப்போதும் ஐந்தைக் கூட்டி வாசியுங்கள். பிறகு கிற்றாரைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மழை நனைக்கும் வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள். பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்தால் பெட்டியைத் திறந்து வெயிலில் போடுங்கள், கிற்றாரை அல்ல. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பசை இளகிப் பிரிட்ஜ் நகரும்.

பாஸிடம் எப்படிச் சொல்வது

பழுது பார்க்கும் பாஸ் சொன்னால் பயப்படவேண்டிய வசனம் ஒன்று உண்டு: "புதுசு மாதிரிச் செய்து தாறன்." நல்ல மனதோடுதான் சொல்வார்கள். என் மாணவி ஒருத்தியின் பெரியப்பா கிற்றாரின் பின்புறத்தில் தன் மனைவியின் பெயரைக் கவராயத்தால் கீறிவைத்திருந்தார். அவர் செத்தபிறகு மகன் அதைத் தளபாடம் செய்யும் ஓர் இடத்தில் கொடுத்தார். சாண்ட் பேப்பர் போட்டு உரசி, மேசைக்கு அடிப்பது போலத் தடிப்பாக வார்னிஷ் அடித்துத் திருப்பிக்கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிவிட்டது. பெரியம்மா அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இது ஆருடையது?" என்று கேட்டாராம்.

அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். படங்களோடு எழுதி அனுப்புங்கள். நான் ஆட்களுக்கு எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி: "பாஸ், பிரிட்ஜை ஒட்டி, ஃபிரெட் சமப்படுத்தினால் போதும். சாண்ட் பேப்பர் போடவேண்டாம். வார்னிஷ் அடிக்கவேண்டாம். படத்தில் வட்டம் போட்ட கீறல்களைத் தொடவேண்டாம். எதையாவது மாற்றவேண்டி வந்தால் முதலில் கோல் எடுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் திருப்பி வேணும்." கடைசி வரியை மறக்காதீர்கள். பழைய நட் (கழுத்தின் நுனியில் கம்பிகள் பதியும் கட்டை), பழைய முறுக்குச் சாவி எல்லாம் குப்பைக்குப் போவது அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

காசு விஷயமும் இதற்குள் வருகிறது. பழைய மார்ட்டின், கிப்சன், ஃபெண்டர் போன்றவற்றுக்கு மேற்பூச்சு மாற்றினால் விலை கணிசமாக விழும். வாங்குபவர்கள் தேய்ந்த அசலைத்தான் கேட்பார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1990களின் நடுவிலிருந்து புதிய கிற்றார்களையே வேண்டுமென்று தேய்த்து, கீறி, கூடிய விலைக்கு விற்கிறது. எனக்கு அதில் சிரிப்புத்தான் வரும், ஆனால் வாங்குபவர்களைக் குறை சொல்லமாட்டேன். அயர்லாந்துக் கிற்றார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில் பெயின்ட் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. அது இப்போது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நம் வீட்டுக் கிற்றார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. விலை கேட்டுவிட்டு வந்து அதை வீட்டில் சொல்லாதீர்கள், வீண் மனவருத்தம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்

கொழும்பில் இந்தக் கேள்வி வராத தமிழ்க் குடும்பம் இல்லை. அப்பாவுடையது ஜப்பானில் செய்த யமஹா எஃப்ஜி-180. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம், கம்பி கிடைக்காது. அப்பா பழைய கம்பிகளைக் கழற்றிச் சுடுநீரில் அவித்துத் திரும்பப் போடுவார். ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் தமிழில் பொப் பாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பாவும் கலியாண வீடுகளில் அதையெல்லாம் பாடித் திரிந்தவர்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அதைக் கேட்கிறான். "அக்கா, அது பிளைவூட்தானே, ஒண்டும் ஆகாது. அனுப்பிவிடுங்கோ."

பிளைவூட் முன்பலகை வெடிப்பது குறைவு, அவன் சொல்வது சரி. ஆனால் விரல் பலகை முழுமரம். ஹீட்டர் ஓடும் கனடா வீட்டில் மாரியில் ஈரப்பதம் 30 வீதத்துக்கும் கீழே போகும். எண்பதில் வாழ்ந்த மரம் அங்கே சுருங்கும்போது ஃபிரெட் நுனிகள் ஓரத்தில் வெளியே நீட்டிக் கையைக் கீறும். முழுமரக் கிற்றாராக இருந்தால் வெடித்தே போகலாம். ஆகவே அனுப்புவதென்றால் அங்கே கோடை தொடங்கும்போது அனுப்புங்கள், மரம் மெல்லப் பழகட்டும். கம்பிகளைக் கழற்றாமல் இரண்டொரு சுருதி தளர்த்துங்கள். கடினப் பெட்டியில், தலைக்கும் கழுத்துக்கும் கீழே துணி திணித்து, அசையாமல் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைத் திறக்கவேண்டாம். கிற்றார் பிரேசில் ரோஸ்வுட் மரத்தில் செய்தது என்றால் 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த கிற்றாருக்கு 2019இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் அந்தப் படங்களையும், எந்தத் தடம் யாருடையது என்ற குறிப்பையும் வையுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அத்தையின் குரல் பதிவு விளங்காது.

தம்பிக்கு நான் முடியாது என்று சொல்லவில்லை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி, உப்பு வைத்துச் சோதித்து, தை மாதம் முழுக்கத் தன் வீட்டில் அது என்ன காட்டுகிறது என்று படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மானியே வாங்கவில்லை.