வெயில், விளைச்சல், நாடுவிட்டுப் போதல்: கணக்கு எங்கே பிசகுகிறது?

வெயில் ஏறினால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் சனங்கள் நாட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று நேர்கோடு போடுவதுதான் பெரிய தவறு. கிளம்புவதற்கே பணம் வேண்டும். வழிச்செலவு, முகவருக்குக் கொடுப்பது, போன இடத்தில் வேலை அமையும்வரை சாப்பாடு எல்லாம் அந்த விளைச்சலிலிருந்துதான் வர வேண்டும். பயிர் கருகினால் அதுவும் போச்சு. பொருளாதார ஆய்வாளர்கள் கட்டானியோ, பெரி இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் கூடியபோது நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வெளியேறுவது கூடியது, மிக ஏழை நாடுகளிலிருந்து குறைந்தது. மாலியின் 1983–85 வறட்சியிலும் தொலைதூரப் பயணம் குறைந்து, குறுகிய காலம் போய்த் திரும்புவதுதான் பெருகியது. எல்லா நாடுகளையும் ஒரே சராசரியில் போட்டால் கூடியதும் குறைந்ததும் கழிந்து, 'பாதிப்பே இல்லை' என்று விடை வரும்.

அடுத்த தவறு, ஆண்டுச் சராசரி வெப்பநிலையை எடுப்பது. பயிர் சராசரியில் வளர்வதில்லை. அமெரிக்க மக்காச்சோளத்துக்கு சுமார் 29 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் நல்லது. அதைத் தாண்டினால் விளைச்சல் சரேலென்று சரியும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஷ்லென்கர், ராபர்ட்ஸ் 2009-இல் காட்டினார்கள். சோயாவுக்கு அந்த எல்லை 30, பருத்திக்கு 32. பாதி நாள்கள் 24, மீதி நாள்கள் 34 என்று அடித்த பருவத்தின் சராசரியும் 29தான்! எனவே விதைப்பு முதல் அறுவடை வரையிலான நாள்களை மட்டும் எடுத்து, எல்லையை மீறிய டிகிரிகளைக் கூட்டுங்கள். மக்காச்சோளம் என்றால், 34 டிகிரி அடித்த ஒரு நாளுக்கு 34 − 29 = 5. வட்டாரங்களைச் சேர்க்கும்போது சாகுபடிப் பரப்புக்கேற்ற எடை கொடுங்கள். இல்லாவிட்டால் ஆளில்லாப் பாலைவனத்தின் வெயிலும் கணக்கில் ஏறிவிடும்.

மெக்சிகோவில் விளைச்சல் 10% குறைந்தால் மக்கள்தொகையில் சுமார் 2% அமெரிக்காவுக்குப் போகிறது என்ற 2010-ஆம் ஆண்டு முடிவை இன்றும் பலர் அப்படியே எடுத்தாள்கிறார்கள். ஒப்பிட்ட இரண்டு காலகட்டங்களுக்கிடையே நாடு முழுவதையும் பாதித்த பொதுவான மாற்றங்களைப் பிரித்தெடுத்தால் அந்தத் தொடர்பு நிற்பதில்லை என்று 2012-இல் மறுப்பு வந்தது. பொருளாதார நெருக்கடியும் எல்லைக் கெடுபிடியும் வறட்சியின் கணக்கில் விழுந்துவிடக் கூடாது என்பதால், இப்படிக் காலகட்டத்தின் பொதுவான மாற்றங்களைப் பிரித்தெடுக்காத மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

உலக வங்கியின் 2021 அறிக்கை சொன்ன 21.6 கோடிப் பேரும் நாடு கடப்பவர்கள் அல்ல. பருவநிலை மாற்றத்தால் 2050-க்குள் தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்கள், அதுவும் மேல்வரம்பு.