இராமநாதபுரம் கடற்கரையில் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் கணக்கெடுப்பது எப்படி?

கணக்கெடுப்பில் புதிதாகச் சேர்வோர் பலர் அரிய பறவையைத் தேடி ஒரு வாரம் தனுஷ்கோடிக்கும் மறுவாரம் காரங்காட்டுக்கும் போகிறார்கள். ஒரே இடத்தை, மாதம் இருமுறை, அதே பாதையில், அதே நேர அளவில் எண்ணியவரின் பட்டியலே பிற்காலத்தில் பயன்படும் என்பதால், நடந்துபோகும் தொலைவில் கண்மாயோ உப்பளமோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் காணாத நாளுக்கும் “இல்லை” என்று எழுதி வையுங்கள். பூநாரைகள் எந்த மாதம் வரவில்லை என்பதை அந்தக் குறிப்பு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகிய கரைப்பறவைகள் கடல்நீர் வற்றும்போது சேற்றில் சிதறி மேயும், ஏறும்போது மணல்திட்டில் நெருங்கி நிற்கும். ஆகவே ஏற்றத்தில் எண்ணுவதே எளிது. தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) வடகடலிலும் (பாக் விரிகுடா) ஏற்றவற்றம் சிறிதாகவே இருப்பதாலும் காற்றும் நீரைத் தள்ளுவதாலும், ஏற்றவற்ற நேர அட்டவணையை மட்டும் நம்பாமல் அன்று கடலுக்குப் போய்வந்த மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் முதுகில் படும்படி நின்று, கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவால் மீதிக் கூட்டத்தை அளந்து வாருங்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழை தெரியும். இனம் தெரியாததை “உள்ளான், இனம் தெரியவில்லை” என்று எழுதுவதில் குறைவேதும் இல்லை. ஊகித்து எழுதிய பெயரே கணக்கைக் கெடுக்கும்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெயில் ஏறிய பின், காற்று ஓங்காத காலை வேளை ஏற்றது. ஒரு பாதையில் மெதுவாக நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள்ளும் முன்னே ஐந்து மீட்டருக்குள்ளும் தென்படுபவற்றை மட்டும் எண்ணுங்கள். எருக்கஞ்செடியைக் கண்டால் நின்று இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெந்தய வரியன் தனித்தனியாக இட்ட வெளிர் முட்டையோ, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் வரிவரியாகப் படிந்து, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளோடு மெல்லும் புழுவோ இருக்கலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உகாய் மரத்தை முட்புதர் என்று வெட்ட வருவோரிடம், ‘ஸ்மால் சால்மன் அராப்’ போன்ற சிறு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலையே உணவு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கோடையில் எண்ணுவதைவிடக் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பது முக்கியம். சிட்டுக்குருவி அளவேயான அனுமன் உப்புக்கொத்தி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது, 2023-இல் தனி இனம் என்று நிறுவப்பட்டது. வெறும் மணற்குழியில் மணல் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த இரண்டு மூன்று முட்டைகளை இடும் பறவை இது. முன்னே ஒரு பறவை இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டி ஓடினால், முட்டையோ குஞ்சோ அருகில் உள்ளது என்று பொருள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். தாய் எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நண்பகல் மணல் முட்டையைச் சுடுகிறது. படம் எடுப்பதற்காக அங்கேயே நிற்பவர்களை எண்ணி எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை என்பதால், வனத்துறை அனுமதி இன்றி அங்கே போகக் கூடாது. கரையில் எடுத்த கணக்கை அன்றே இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். கூட்டின் இடத்தை மட்டும் எந்தப் படத்தோடும் பொதுவில் இடாமல், வனக் காவலரிடம் நேரில் சொல்லுங்கள்.