‘ஷெமாஸல்’ என்ற சொல்லைச் சரியான இடத்தில் சொல்வது எப்படி?

பிரிட்டிஷ்காரர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: குழப்பத்துக்கு அவர்களிடம் ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஷெமாஸல்’. இதற்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த மாதிரிக் குழப்பத்துக்கு இது பொருந்தும் என்ற பிடி வேண்டும். ஒவ்வொரு படியாகப் போகலாம்.

படி 1: உச்சரிப்பு

மூன்று அசைகள். முதலில் வரும் ‘ஷெ’வைப் பாதி விழுங்கிவிடுங்கள். அழுத்தம் முழுக்க நடுவில் உள்ள ‘மா’வில் விழ வேண்டும், ஆனால் அதை நீட்டக் கூடாது. சூடு என்று பொருள்படும் ‘ஹாட்’ என்ற சொல்லை பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும்போது வரும் அதே குறுகிய ஓசைதான். அடுத்து வரும் ‘ஸ’ ஆங்கில இசட். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிந்தால் சரி. எழுதும்போது எஸ், ஹெச், இ, எம், ஓ, இரண்டு இசட், எல், இ. எஸ்ஸுக்குப் பிறகு ஒரு சி சேர்த்தும் எழுதுகிறார்கள், அதுவும் தவறில்லை.

படி 2: வந்த வழியைத் தெரிந்துகொள்வது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சொல்லின் குணம் இங்கேதான் பிடிபடும்.

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதன் பிறகு அங்கிருந்த யூதர்கள்மீது தாக்குதல்கள் தொடர்ந்தன. வறுமையும் சேர்ந்து துரத்த, கூட்டம் கூட்டமாக லண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்து வைட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தெருக்களில் குடியேறினார்கள். தையலும் சந்தை வியாபாரமும் பிழைப்பு, வீட்டில் பேசியது ஜெர்மனோடு எபிரேயம் கலந்த யிட்டிஷ் மொழி. பக்கத்துத் தெரு லண்டன்காரர்களின் வாயிலும் அந்த மொழி ஏறிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ‘ஷெமாஸல்’ ஆங்கிலக் கொச்சையாகிவிட்டது.

இதை ‘ஷ்லிமாஸ்ல்’ என்ற யிட்டிஷ் சொல்லோடு அகராதிகள் இணைக்கின்றன. ‘ஷ்லிம்’ என்றால் கெட்ட. ‘மாஸ்ல்’ என்றால் அதிர்ஷ்டம். எபிரேயத்தில் நட்சத்திரக் கூட்டத்தைக் குறித்த சொல் அது. வாழ்த்தாகச் சொல்லும் ‘மாஸல் தோவ்’ என்பதிலும் இருப்பது இதேதான். ‘நேரம் சரியில்லை, கிரகம் சரியில்லை’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நினைத்துக்கொண்டால் மனதில் நின்றுவிடும்.

படி 3: குழப்பத்தை எடை போடுவது

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத் திடலில் கோடைத் திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மழை. கேக் விற்கும் மேசையை நான்கு பேர் நான்கு திசைக்கு இழுக்கிறார்கள். குலுக்கல் சீட்டு எண்களில் மை கரைந்து, ஒரே பரிசுக் கூடைக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். இதுதான் அசல் ஷெமாஸல். ஆள் கூட்டம், சத்தம், ஆளுக்கொரு யோசனை இருக்கும். ஆனால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை, சாயங்காலம் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

சின்னத் தள்ளுமுள்ளுக்கும் இது பொருந்தும். அயர்லாந்தில் 1938 முதல் வானொலி வர்ணனை செய்த மீஹால் ஓஹேர், மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தில் வீரர்கள் மோதிக்கொள்ளும்போது இந்தச் சொல்லைப் போடுவார். அதனால் அங்கே இது விளையாட்டுச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

படி 4: வாக்கியத்தில் வைப்பது

பெயர்ச்சொல்லாக மட்டும் பயன்படுத்துங்கள். ஆரம்பத்தில் இரண்டு வடிவங்கள் போதும். ‘அ பிட் ஆஃப் அ ஷெமாஸல்’ என்றால் கொஞ்சம் களேபரம். ‘அ ரைட் ஷெமாஸல்’ என்றால் ஒரே அமளி. இங்கே ‘ரைட்’ அழுத்தத்துக்காக வருவது, சரி தவறு என்ற பொருளில் அல்ல.

படி 5: வாயைக் கட்டுவது

சாவு, விபத்து, போர் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வரவே கூடாது. கேட்பவர் மனம் நோகும். அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம். மனிதர்களையும் இப்படி அழைப்பதில்லை. அமெரிக்காவில் கேட்கும் ‘ஷ்லிமாஸல்’ வேறு, அது எப்போதும் அடி வாங்கும் துரதிர்ஷ்டசாலியைக் குறிக்கும். சூப்பைக் கொட்டுகிறவன் ‘ஷ்லெமீல்’, அது யார் மடியில் விழுகிறதோ அவன் ‘ஷ்லிமாஸல்’ என்று யூதர்கள் பிரித்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் பழைய சொல். இளைஞர்கள் சிலர் புரியாமல் பார்க்கலாம். அப்போது ‘ஷாம்பிள்ஸ்’ என்று மாற்றிச் சொல்லுங்கள், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் குற்றம் சாட்டும் தொனி உண்டு. நிர்வாகம் சொதப்பி ரயில்கள் வரிசையாக ரத்தானால் ஷாம்பிள்ஸ். பிறந்தநாள் விருந்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கேக்கோடு வந்து நின்றால் ஷெமாஸல்.