வீதியோரக் காடழிப்பை மொடல் செய்வது: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கே காடு அழியும் என்று கணினியில் கணித்துச் சொல்லும் மொடலை மலையகத்துக்குச் செய்யும் மாணவர்கள் பலர் முதலில் எடுக்கும் மாறி (கணிப்புக்கு உதவும் அளவு), வீதியிலிருந்து உள்ள தூரம். அமேசன் ஆய்வுகளைப் படித்து வந்த பழக்கம் இது. அங்கே அழிந்த காட்டில் ஏறத்தாழ 95 சதவீதம், வீதியிலிருந்து 5.5 கிலோமீற்றருக்குள்ளோ படகு ஓடும் ஆற்றிலிருந்து 1 கிலோமீற்றருக்குள்ளோ இருந்ததாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே எல்லையை நுவரெலியா மாவட்டத்தில் போட்டால் காடு, தேயிலை, மரக்கறித் தோட்டம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே விழும். எதையும் பிரித்துக் காட்டாத எல்லையால் என்ன பயன்?

இதைவிடப் பெரிய தவறு, வீதியைக் கண்ணை மூடிக்கொண்டு காரணமாக வைப்பது. கொழும்பு–கண்டி வீதி 1820களில் படைத் தேவைக்காகப் போடப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் அதன் பின்னால் பெருகின. ஆனால் மலைக்குள் ஏறும் தோட்டப் பாதைகள் பலவும் காட்டை வெட்டி நட்ட பிறகு, மூட்டை இறக்குவதற்காக வந்தவை. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் போய்ச் சேர்ந்த ரயில் பாதையும் தோட்டங்களை நம்பி ஏறியதுதான். ஒரே வரைபடத்தில் காரணமான வீதியும் விளைவான வீதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வீதிக்கும் அது போடப்பட்ட காலத்தைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய வீதி வரைபடத்தைக் கொண்டு 1990களின் காடழிப்பை விளக்கவே கூடாது.

தூரத்தை நேர்கோட்டில் அளப்பதும் இங்கே சரிவராது. லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மேலே உள்ள காட்டுக்கும் வரைபடத்தில் 400 மீற்றர்தான் இருக்கும். நடுவில் ஓர் ஓடையும் செங்குத்துச் சரிவும் இருந்தால், விறகுக்கட்டைத் தலையில் வைத்து இறங்குகிறவருக்கு அது வேறு தூரம். சரிவைக் கணக்கில் எடுத்து நடை நேரமாக மாற்றுங்கள். விறகுக்கு வீதியைவிட லயத்திலிருந்து உள்ள தூரமே முக்கியம் என்பது என் எண்ணம். தோட்ட மக்களை விட்டுவிட்டுச் செய்யும் மொடல் எனக்கு மொடலாகவே படவில்லை.

காடு என்று எதைச் சொல்கிறீர்கள்? உலகளாவிய மரப்போர்வைத் தரவுகளில் 5 மீற்றருக்கு மேல் வளர்ந்த எதுவும் மரம்தான். பைனஸ், யூக்கலிப்டஸ், தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரெவில்லியா) எல்லாம் அதில் அடக்கம். தோட்டம் யூக்கலிப்டசை அறுவடை செய்தால் காடு அழிந்ததாகப் பதிவாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் நடந்தது இதற்கு மறுபக்கம்: மேலே மரம் நிற்க, அடியில் துப்புரவாக்கி ஏலம் நட்டார்கள். அதைச் செய்மதிப் படம் காடென்றே காட்டும்.

சோதிப்பதிலும் ஏமாறுவது எளிது. வரைபடத்தைப் பிரித்த நூறு கட்டங்களில் இரண்டில்தான் காடு அழிந்திருந்தால், 'எதுவும் மாறாது' என்று சொல்லும் மொடலுக்கே 98 சதவீதத் துல்லியம் கிடைக்கும். மாறிய கட்டங்களில் எத்தனையைச் சரியாகப் பிடித்தது என்று பாருங்கள். மொடலைப் பயிற்றுவிக்கவும் சோதிக்கவும் அடுத்தடுத்த பிக்சல்களை (படப்புள்ளிகளை) கலந்து எடுக்காதீர்கள். கொத்மலைப் பக்கத்தில் பயிற்றுவித்து மஸ்கெலியாவில் சோதியுங்கள். மதிப்பெண் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உண்மை நிலைக்குக் கிட்ட வரும்.

கடைசியாக, முகில். தென்மேல் பருவக்காற்றில் மேற்குச் சரிவுகள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். இரு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே மாதப் படங்களை எடுங்கள். ஒன்று மழைக்காலம், மற்றது வரட்சி என்றால், காய்ந்த பத்தனைப் புல்லை (மலைப் புல்வெளி) புதிதாக வெட்டிய நிலமென்று கணக்கிட நேரும்.