மாத்திரை வேண்டாம் என்றால் அறிவுரையா?

ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலும் துறுதுறுப்பு அடங்காமலும் இருக்கும் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் பலர், அந்த இடத்தில் அறிவுரையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். "கவனமாகப் படி" என்று பொழுதுக்கும் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் செய்யத்தான் வரவில்லை. ஆகவே உதவியைப் படிக்கும் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ஆறிலிருந்து எட்டு வரை எழுந்திருக்கக் கூடாது" என்பது பெரியவர்களுக்கே தண்டனை. ஐந்து கணக்கு, பிறகு எழுந்து ஒரு நடை, மறுபடி ஐந்து கணக்கு என்று பிரியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் ஓடுவது எளிதில் உறைக்காது. கண்ணெதிரே ஒரு டைமரோ முள் கடிகாரமோ இருக்கட்டும். தொடங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். முதல் கேள்வி முடியும்வரை பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

"பையை எடு, டைரியைப் பார், தமிழை முடித்துவிட்டு அறிவியல் படம் வரை" என்று ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது வேலை காற்றோடு போய்விடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றாகச் சொல்லலாம், இல்லையென்றால் எழுதி ஒட்டலாம்.

முழு ஆண்டுத் தேர்வில் 90 எடுத்தால் சைக்கிள் என்று ஜூன் மாதத்தில் வாக்குக் கொடுப்பதும் வீண். அவ்வளவு தூரத்துப் பரிசு இன்றைய மாலையை நகர்த்தாது. இன்று செய்ததற்குப் பலன் இன்றே கிடைக்க வேண்டும், சிறியதாக இருந்தாலும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது விளையாட்டைப் பிடுங்கும்போது. வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று பள்ளியில் பி.டி. பீரியடைப் பறிக்கிறார்கள், வீட்டில் தெருவுக்குப் போகத் தடை போடுகிறார்கள். ஓடி ஆடி வந்த பிறகுதான் இப்பிள்ளைகள் பலரால் சற்று நேரம் உட்கார முடிகிறது. அந்த வாசலையும் அடைத்துவிட்டு டியூஷனுக்கு மேல் டியூஷன் வைத்தால் தூக்கமும் குறையும். தூக்கம் குறைந்தால் கவனம் இன்னும் சிதறும்.

சர்க்கரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்றே கண்டது. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடலாம். சிகிச்சையாக எண்ண வேண்டாம்.

"பெயர் கெட்டுவிடும்" என்று ஆசிரியரிடம் மறைப்பவர்கள் நல்ல துணை ஒன்றை இழக்கிறார்கள். வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொண்டானா, வகுப்பு வேலையை முடித்தானா என்று இரண்டே கேள்விகளுக்கு ஆசிரியர் தினமும் டைரியில் குறியிட, அதற்கான பாராட்டை வீட்டில் கொடுக்கும் முறை நன்கு சோதிக்கப்பட்டது. இரண்டு வாரம் நன்றாகப் போனதும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

எழுத்தில் பிழைகள் குவிந்தால் டிஸ்லெக்சியாவும் (வாசிக்கவும் எழுதவும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் அதற்காக அலையாதீர்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழே, பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே முதல் சிகிச்சை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி. அதற்கு மேற்பட்ட வயதில் மருந்து, நடத்தைப் பயிற்சி இரண்டையும் பரிந்துரைக்கிறது. அதனால் பெரிய பிள்ளை என்றால், ஒரு பருவம் இவற்றைச் செய்து பார்த்துவிட்டு, டைரிக் குறிகளோடு மருத்துவரைப் பாருங்கள்.