‘சரிங்க’ என்ற பதிலை நம்பி நாம் செய்யும் தவறுகள்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பனி இன்னும் கலையவில்லை. இடுப்பில் படங்கு கட்டி, கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்து வெளிக்கள உத்தியோகத்தர், “ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு, எல்லாரும் வந்துடுங்க, விளங்குதா?” என்றார். “சரிங்கய்யா” என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. ஞாயிறன்று நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். துணி துவைப்பது, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவது, கோயிலுக்குப் போவது எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு வந்தார்கள். பின்னேரம் தராசடியில்தான் தெரிந்தது, அன்றைய வேலை கைக்காசு. பறித்த கிலோவுக்கு மட்டும்தான் காசு. அவர்களோ ஞாயிறு வேலைக்குரிய ஒன்றரை நாள் சம்பளத்தை மனதில் எண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அப்போது அந்தத் தோட்டத்து ஆபிஸில் நான் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலை, சம்பளக் கணக்கு, எழுதிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒருவரும் மலைக்குப் போகவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வந்தார், தோட்ட மேனேஜரான பெரிய துரை வந்தார், இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. அந்த உத்தியோகத்தர் பொய் சொல்லவில்லை, கெட்ட மனிதரும் இல்லை. ‘கைக்காசு’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார். சந்தேகம் வந்திருந்தாலும் அந்தப் பெண்களில் யார் கேட்டிருப்பார்கள்?

இப்போது அட்டனில், கடைக்கும் ஹோட்டலுக்கும் ஆபிஸுக்கும் முதன்முதலாக வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வேலையிடத்துப் பேச்சு என்றதும் அவர்கள் இங்கிலீஷ் பேசுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் முதல் நாளே சொல்வது வேறு. நம் மலையகத்தில் ‘சரிங்க’ என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். விளங்கியதா இல்லையா என்பது அதற்குள் இருக்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பழைய கதைக்குப் போக வேண்டும். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தோட்டத்தில் பேச்சு மேலிருந்து கீழேதான் வந்தது. துரை சொல்வார், கணக்கப்பிள்ளை வாங்குவார், கங்காணி கொண்டுவந்து சொல்வார், ஆட்கள் செய்வார்கள். கீழிருந்து ஒரு கேள்வி மேலே போக வழி இருக்கவில்லை. கேட்டால் எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும். அப்படிப் பல தலைமுறை வாழ்ந்தவர்களின் வாயில் ‘சரிங்க’ தங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை. நெட்டை மாடிக் கட்டடத்தில் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையும் மேனேஜர் பேசி முடித்ததும் அதையேதான் சொல்கிறது.

‘விளங்குதா?’ என்று கேட்பது

முதல் தவறு இந்தக் கேள்விதான். பத்துப் பேர் நடுவில் ‘விளங்குதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? சொன்னால் மண்டையில் ஒன்றும் ஏறாதவர் என்று ஆகிவிடும். அதனால் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைக்கும்.

ஒரு ‘சரி’ எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் ஊருக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபில், ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். நம் மலைகளில் இறங்குவது போலப் பனி மூட்டம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஒரு விமானத்திலிருந்து, புறப்படுகிற நிலையில் இருக்கிறோம் என்று பொருள்படும்படி சொன்னார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ‘ஓகே’ என்று வந்தது. அதற்கு அடுத்து ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்று சொன்னது மற்ற விமானத்தின் பேச்சோடு மோதி வானொலியில் இரைச்சலாகிவிட்டது. காதில் தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும்தான். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அதற்குப் பிறகு விமானத் துறையில் பேச்சு முறையே இறுக்கப்பட்டது. முக்கியமான உத்தரவு கிடைத்தால் வெறுமனே ஓகே என்று சொன்னால் போதாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

பிரட்டுக்களத்திலும் கடையிலும் இதையே செய்யலாம். ஆனால் ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க’ என்று அதிகாரமாகக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் ஒப்புவிக்கச் சொன்னது போல இருக்கும், வயதில் மூத்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். பாரத்தைச் சொல்கிறவர் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். “அக்கா, நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பார்க்கணும். ஞாயித்துக்கிழமை என்ன வேலை, எப்படிக் காசுன்னு நீங்க ஒருதரம் சொல்லுங்க.” அன்று அந்த வெளிக்கள உத்தியோகத்தர் இப்படிக் கேட்டிருந்தால், அந்த அக்கா ‘ஒன்றரை நாள்’ என்று சொல்லியிருப்பார். அங்கேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

ஒரே தமிழ், வேறு அர்த்தம்

இது என் வீட்டில் நடந்தது. அம்மாவுக்கு சீனி வருத்தம். கிளினிக்கில் ஒரு குளிசையைக் கொடுத்து, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள். சொன்னவர் தமிழ்ப் பெண், நல்ல தமிழில்தான் சொன்னார். அம்மாவும் ‘சரிங்கம்மா’ என்று வாங்கிக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் பார்த்தால் குளிசைகள் நிறைய மிச்சம். சீனி குறையவே இல்லை. மறந்துவிட்டாரோ என்று நான் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

அம்மா மறக்கவில்லை. சொன்னபடியே செய்திருக்கிறார். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று சாயத்தண்ணி குடிப்பதை அம்மா ஒருநாளும் ‘சாப்பிட்டேன்’ என்று சொன்னதில்லை, ‘தேத்தண்ணி குடிச்சிட்டேன்’ என்றுதான் சொல்வார். ஆகவே காலையில் அவர் சாப்பிடவே இல்லை, குளிசை போடவும் இல்லை.

கொடுத்தவர் ‘மூணு வேளை, விளங்குதா?’ என்று கேட்டதற்குப் பதிலாக, ‘காலையில எத்தனை மணிக்கு என்ன தின்பீங்க, அப்போ இதை எப்போ போடுவீங்க?’ என்று கேட்டிருக்கலாம். முப்பது வினாடி கூட ஆகாது. இங்கிலீஷும் சிங்களமும் தமிழும் கலக்கிற இடத்தில்தான் விளக்கம் தேவை என்று நினைக்கிறோம். ஒரே தமிழ் பேசுகிறவர்களுக்கு நடுவில் நடக்கிற பிசகு இன்னும் ஆபத்தானது. அங்கே யாருக்கும் சந்தேகமே வராதே.

தெரியாத மொழியில் தலையாட்டுவது

சிங்களத்தில் ‘ஹரி’ என்பதும் நம் ‘சரி’யும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பிரதேச செயலகத்திலோ பேங்கிலோ அலுவலர் வேகமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போக, நாம் ‘ஹரி, ஹரி’ என்று தலையாட்டிக்கொண்டே போகிறோம். சிங்களத்தில் இருக்கிற படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்துவிடுகிறோம். சிங்களம் தெரியாது என்று சொல்ல வெட்கம். பின்னால் நிற்கிற வரிசை வேறு நம்மை அவசரப்படுத்தும்.

1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்த காலத்திலிருந்து வந்த கூச்சம் இது. ஆனால் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த வருடம் வந்த 16ஆவது திருத்தம் அதை இன்னும் உறுதிப்படுத்தியது. அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் கேட்பது சலுகை கேட்பதாகாது. நடைமுறையில் அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் இருக்கலாம், அது நம் எல்லாருக்கும் தெரிந்த கவலைதான். அப்படியானால் ‘மட்ட சிங்கள தேரென்னே நெஹெ’ (எனக்குச் சிங்களம் விளங்காது) என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள், அல்லது படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்பது போன்ற விவரத்தை, புறப்படும் முன்னரே 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்குப் பேசித் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பஸ் பிடித்துப் போய்ச் சும்மா திரும்பி வருகிற அலைச்சல் மிச்சமாகும்.

எல்லார் முன்னாலும் ஏசுவது

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். தராசடியில் நாலு பேர் பார்க்க, முற்றல் இலை கலந்த கூடையைக் கொட்டிக் காட்டி ஏசினால், அந்தப் பெண்ணுக்கு இலையைப் பற்றிச் சொன்னது எதுவும் காதில் ஏறாது. அவமானம் மட்டும் ஏறும். அதிலும் தாய் வயதில் இருப்பவரைப் பேர் சொல்லி, நீ வா போ என்று பேசுகிற இளம் உத்தியோகத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியம்மா என்று கூப்பிட்டு, ஓரமாக அழைத்து, எந்த இலை கூடாது என்று கையில் எடுத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை தன் பிழையை மறைக்கத்தான் பார்ப்பார். நிறைய மேலாளர்கள் ‘எங்கிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல’ என்று குறைப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செய்ய முடியாததைச் சொல்லிவிட்டுப் போவது

தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும். நம் மண்ணில் அது மட்டும் போதவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அதே தோட்டத்தில், சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. அப்படி இருப்பவரிடம் ‘இங்கே இருக்காதீங்க’ என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

இப்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டமாகக் கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்தில் போய்ச் சொல்கிறவர், அது கிராம சேவகரோ தலைவரோ, வெறும் ‘சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு’ என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தப் பாதையால், நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, ஆட்டையும் மாட்டையும் என்ன செய்வது என்பது வரைக்கும் பேச வேண்டும். ஆபிஸிலும் இதே பிழை வேறு உருவத்தில் நடக்கிறது. ‘நாளைக்குள்ள முடிச்சிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அதற்கு ஆள் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ‘சரிங்க’ மட்டும் கிடைக்கும். வேலை நடக்காது.

பாதிச் செய்தி அனுப்புவது

கடைசியாக, வீட்டுக்கும் கொழும்புக்கும் நடுவில் ஓடுகிற செய்திகள். என்னிடம் படித்த ஒரு தம்பி புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஒருநாள் மத்தியானம் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் நாலு வினாடிக் குரல் செய்தி: “தம்பி, ஒடனே வீட்டுக்கு வா.” திருப்பி கோல் எடுத்தால் சிக்னல் இல்லை. பாட்டிக்கு முடியாமல் இருந்த நேரம் அது. முதலாளியிடம் அழாக்குறையாகச் சொல்லி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். வீட்டு வாசலில் பாட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வீட்டுத் திட்டத்துக்கான படிவத்தில் மகனின் கையெழுத்து வேண்டும் என்பதற்காகத்தான் அப்பா கூப்பிட்டிருந்தார்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படாமல், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் தன் மனதில் என்னென்ன ஓடியது என்று சொன்னாராம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லையாம். போன வாரம் அந்தத் தம்பி எனக்கு அப்பாவின் புதிய குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார். “தம்பி, எல்லாரும் நல்லா இருக்கோம். பாட்டியும் நல்லா இருக்கு. ஒண்ணும் அவசரம் இல்ல. போயா லீவுக்கு வரும்போது ஐடென்டிட்டி கார்ட்டை மறக்காம கொண்டுவா, கிராம சேவகர் கேக்குறாரு. கேட்டுட்டு என்ன கொண்டுவரணும்னு எனக்குத் திருப்பிச் சொல்லு.”