இருவரும் வேலை செய்யவே வெளிநாடு போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைத் தம்பதிகளுக்கு

விண்ணப்பம் கணவன் பெயரில், மனைவி அவரைச் சார்ந்தவர். நம் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காமல் நடக்கும் ஏற்பாடு இது. பத்து வருடம் வார்டில் வேலை பார்த்த தாதி உத்தியோகத்தர் வெளிநாட்டில் கடைக் கவுண்டரில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யார் பெயரை முன்னால் போடுவது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

கனடாவின் புள்ளி அடிப்படையிலான குடிவரவு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வாழ்க்கைத் துணைக்காகக் கிடைக்கக்கூடிய புள்ளிகள் அதிகபட்சம் 40. மொழிக்கு 20, படிப்புக்கு 10, கனடாவில் வேலை செய்த அனுபவத்துக்கு 10. இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்து கிடைக்காது, ஆகவே கையில் இருப்பது 30. ஒருமுறை கணவனையும் மறுமுறை மனைவியையும் முதன்மை விண்ணப்பதாரராக வைத்து மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை மதிப்பெண்ணும் வயதும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். அவுஸ்திரேலியப் புள்ளி முறையில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. துணையும் 45 வயதுக்குக் குறைந்தவராக, தேவையான ஆங்கிலத் தரமும் தொழில் தகுதி மதிப்பீடும் உள்ளவராக இருந்தால் இன்னும் 10. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. வயதில் இளையவர் முன்னால் நின்றால் நிலைமை தலைகீழாக மாறுவதுண்டு.

பிரித்தானியாவில் புள்ளியை விடப் பணம்தான் பெரிய வித்தியாசம். திறன்சார் தொழிலாளர் விசாவில் போகும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணத்தை விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று வருடம், இரண்டு பேர் என்றால் 6,210 பவுண். சுகாதாரத் துறை விசாவில் போகும் தாதிக்கும் அவருடைய துணைக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. மனைவி தாதி, கணவன் கணக்காளர் என்றால் யார் பெயர் முன்னால் போக வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். துணையாகப் போகிறவர் அங்கே ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். ஆனால் 2025 ஜூலை 22க்குப் பிறகு பட்டதாரி மட்டத்துக்குக் கீழான வேலைகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் துணையை அழைத்துச் செல்ல முடியாது. வேலைக் கடிதத்தில் உள்ள தொழில் குறியீடு எந்த மட்டம் என்று பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வேலை செய்ய விசா அனுமதித்தால் மட்டும் போதாது, தொழில் பதிவும் வேண்டும். பிரித்தானியத் தாதியர் சபைக்கு ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 தேவை, அந்தச் சபையின் கணினிப் பரீட்சையை இலங்கையிலேயே எழுதலாம், செய்முறைப் பரீட்சை மட்டும் அங்கே. துணையாகப் போகிறவரும் தன் பதிவை இங்கிருக்கும்போதே தொடங்கட்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பும் பெறுபேற்று அறிக்கை பல இடங்களில் கட்டாயம். நேரில் போய்க் கேட்பது சுலபம். கடல் கடந்தபின் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அடுத்தது பெயர். கோப்புகள் அதிகமாகத் தடைப்படுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக, கடவுச்சீட்டில் முதலெழுத்து மட்டும். திருமணத்துக்குப் பிறகு மனைவி சில இடங்களில் கணவன் பெயரையும் சில இடங்களில் தகப்பன் பெயரையும் எழுதியிருப்பார். நாலைந்து ஆவணங்களையும் மேசையில் விரித்து, கடவுச்சீட்டை அளவுகோலாக வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சிறிய எழுத்து வேறுபாடு என்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். பிறந்த திகதி வேறுபட்டால் சத்தியக்கடதாசி போதாது, பதிவாளரிடம் திருத்தமே செய்ய வேண்டும். 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் இந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

கோயிலில் தாலி கட்டியதோ நிக்காஹ் நடந்ததோ விசா அலுவலருக்குச் சான்று ஆகாது. பதிவுச் சான்றிதழ்தான் தேவை. முஸ்லிம் விவாகங்கள் பதிவு இல்லாமலும் செல்லுபடியாகும் என்பதால் பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் உடனே அதை முடித்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதி, நீங்கள் தீர்த்த சிக்கலைத் திரும்பவும் உண்டாக்கிவிடுவார்.

ஆவணங்களை எந்த வரிசையில் எடுப்பது? காலாவதி ஆகாதவை முதலில், சீக்கிரம் காலாவதி ஆகிறவை கடைசியில். பிறப்பு, திருமணம், பட்டம் ஆகியவை தொடக்கத்தில். கனடாவுக்கான கல்வி மதிப்பீடு 5 வருடம் செல்லும், ஐஈஎல்டிஎஸ் 2 வருடம். பொலிஸ் சான்றிதழையும் பிரித்தானியாவுக்கான காசநோய்ப் பரிசோதனையையும் இறுதியில் வையுங்கள். காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். ஆர்வத்தில் மருத்துவத்தை முதலில் முடித்துவிட்டு, விசா நேரத்தில் திரும்பவும் கொழும்புக்குப் போகிறவர்கள் பலர். கட்டாரிலோ சவூதியிலோ முன்பு வேலை செய்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் கேட்பார்கள். கனடாவுக்கு, கடந்த 10 வருடத்தில் தொடர்ச்சியாக 6 மாதம் இருந்த ஒவ்வொரு நாடும் கணக்கில் வரும்.

அம்பாறைக்கு ரயில் கிடையாது, மட்டக்களப்பிலிருந்து போனாலும் கொழும்புக்கு ஒரு இரவுப் பயணம். ஆகவே விரல் அடையாளம், மருத்துவப் பரிசோதனை, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி (ஆவணம் உண்மையானது என்ற உறுதிப்படுத்தல்) மூன்றுக்கும் அடுத்தடுத்த நாட்களில் நேரம் பதிவு செய்து ஒரே பயணத்தில் முடியுங்கள். வளைகுடா போகிறவர்களுக்குக் கொன்சியூலர் அத்தாட்சிக்குப் பின் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் தேவை. துபாயில் குடும்ப விசாவுக்கு 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 வேண்டும். முத்திரையிடப்பட்ட திருமணச் சான்றிதழ் இல்லாமல் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் துணையின் விசா நகராது.

வங்கிக் கணக்கு விடயத்தில் நம் பழக்கம் ஒன்று ஆபத்தானது: நகையை அடகு வைத்து, உறவினரிடம் வாங்கி, விண்ணப்பத்துக்கு முதல் வாரம் மொத்தமாகப் போடுவது. பிரித்தானியாவுக்கு, வேலைகொள்வோர் பொறுப்பேற்காவிட்டால், முதன்மை விண்ணப்பதாரருக்கு 1,270 பவுணும் துணைக்கு 285 பவுணும் தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புத்தான். கனடா கடந்த 6 மாதச் சராசரி மீதியையும் வங்கிக் கடிதத்தில் எதிர்பார்க்கிறது. எனவே சேமிப்பை ஒரே கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கி, தொடாமல் விடுங்கள்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் விசா வந்த கையோடு விலகிவிட வேண்டாம். சம்பளமற்ற விடுமுறைக்குத் திணைக்களத் தலைவரின் எழுத்து அனுமதியைப் பெறுங்கள். பயிற்சிக்காக ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்கள் மீதியுள்ள சேவைக் காலத்தையும் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடு, வயல் காரியத்துக்கு அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதும்போது உறுதி யார் பெயரில் என்று பாருங்கள். நம் பகுதியில் சீதன வீடு பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். கணவன் கொடுத்த தத்துவம் அந்த வீட்டுக்குப் பயன்படாது. விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால் அதை எழுதவே வேண்டாம். வாடகை, வரி, வழக்கு, வயற்குத்தகை என்று தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரத்தையும் பணியக இணையதளத்தில் சரிபாருங்கள். வேலைகொள்வோர் வழங்கும் பிரித்தானிய ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழுக்கு விலை சொல்கிறவரிடமிருந்து அந்த நிமிடமே விலகுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு பகிரங்கமாக வெளியிடுகிறது, நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அசல் ஆவணங்கள் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் போட வேண்டாம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் மேலதிகப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, மொழிபெயர்ப்போடு கொண்டு போங்கள். அங்கே பிள்ளை பிறந்தால் இலங்கைப் பிரஜாவுரிமைக்காக ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தூதரகம் அப்போது கேட்பதும் இந்தக் காகிதங்களைத்தான்.